காலதரும் காற்றுக்குழாயும்

சாளரம், பலகணி என்று நாம் வழங்கும் பொருளுக்குப் பழந்தமிழிற் காலதர் என்றொரு பெயருண்டு. சிலப்பதிகாரத்தில் அச்சொல் வந்துள்ளது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்றுக்கு வழியாயிருத்தலே சாளரத்தின் முதற்றொழில் என்றும், ஒளிக்கு வழியாதல் அதற்குப் பின்னரே எண்ணத்தக்கது என்றும் நம் முன்னோர் கருதினர் போலும். (காலாப்பட்டு என்னும் ஊர்ப்பெயரின் முதலிலும் அந்தக் காலே நிற்கின்றதென்று புலவர் எவரேனும் சாதிக்க முற்படின், அவரோடு வழக்காட எனக்கு வன்மையில்லை; யான் அவ்வாறு சொல்லவும் இல்லை.) இக்காலத்துப் பெருங்கட்டடங்களிற் காலதரின் தொழிலைப் பெரும்பாலும் வேறொன்று ஏற்றுக்கொண்டுவிட்டது. துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டாற் செய்யப்பெற்று, மேற்றளத்துக்கும் அதன் கீழுள்ள பொய்க்கூரைக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் காற்றுக்குழாயே அது. தொழிலாளர் அதனை டக்ட் என்பர். அதனைத் துப்புரவாகவும் பழுதின்றியும் வைத்துக்கொள்ளும் வகையை ஆராய்தலே இக்கட்டுரையின் கருத்து.

இது பொறியியல் மாணவர்க்கே உரிய பொருளன்றோ, நமக்கென்ன என்று பிற வகுப்பு மாணவர் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. உண்ணுஞ் சோற்றில் ஒரு மயிர் கிடந்தால் இலையை விட்டு எழுந்துவிடுகின்றோம். குடிக்கும் நீரைக் காய்ச்சி வடிகட்டுகின்றோம். ஒருவன் ஒரு நாளில் உண்பதும் பருகுவதும் சேர்ந்து மூன்று நான்கு கிலோ இருக்கலாம். அவனே அந்நாளிற் சுவாசிக்கும் காற்றோ ஏறத்தாழ 10,000 லிட்டருக்குக் குறையாது. நிறுத்துப் பார்ப்பின் பன்னிரண்டு கிலோ அளவாகும். அக்காற்று எவ்வழியாக நம்மிடம் வந்தது என்று வினவுவோர் அரியர்.

புதுச்சேரி நகரத்தினின்றும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கி ஏறத்தாழ 12 கிலோமீட்டர் சென்றால் காலாப்பட்டு வரும். நாற்புறமும் தமிழ்நாட்டு நிலமும் கடலும் சூழ்ந்திருக்க, இடையிற் புதுச்சேரிக்கு உரியதாய்க் கிடக்கும் ஊர் அது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. மீனவர் குடியிருப்புகளாய் இருந்த அக்கரையில், 1985ஆம் ஆண்டு பாராளுமன்றச் சட்டத்தாற் பிறந்த புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், பொறியியற் கல்லூரியாகத் தோன்றிப் பின்னர்த் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகிய நிலையமும், மருத்துவக் கல்லூரி ஒன்றும் எழுந்தன. நூலகம், ஆய்வுக்கூடம், அறுவை மனை, யந்திரங்கள் ஓயாது இயங்கும் கணினியறை ஆகியவை இத்தகைய நிலையங்களுக்கு இன்றியமையாதன. அவற்றுட் பலவற்றிற் சன்னலைத் திறந்து வைத்தல் இயலாது. அறுவை மனையிற் கடற்காற்று வீசுமாறு விட்டுவைப்பார் யார்? ஆதலின் அங்கெல்லாம் காற்றுக்குழாய் வேண்டுவதே.

அஃது இன்றியும் பெருங்கட்டடம் மூச்சு விடலாம் என்பதற்குப் புதுச்சேரி நகரத்திலேயே உலகறிந்த சான்று ஒன்றுண்டு. அரவிந்தாசிரமத்தார் தம் அன்பர் தங்குதற்பொருட்டு எழுப்பிய கோல்கொண்டா என்னும் விடுதியே அது. அந்தோனின் ரேமண்ட் என்னும் கட்டடக் கலைஞர் அதனை வகுத்தார். ஜார்ஜ் நாகஷிமா, பிராந்திஷெக் சாம்மர் என்னும் இருவர் உடனிருந்து பணியாற்றினர். 1930களின் பிற்பகுதியில் தொடங்கி 1940களில் முற்றுப்பெற்றது. ஐதராபாத்து நிஜாம் அரசினின்று சர் அக்பர் ஹைதரி வாயிலாகப் பொருளுதவி வந்தமையால் அப்பெயர் அமைந்தது. அக்கட்டடத்தின் வடக்கு முகத்திலும் தெற்கு முகத்திலும் கண்ணாடிச் சன்னல் கிடையாது. சுவர் முழுதும் கிடையாக அடுக்கிய பலகைகள். அவற்றைத் திருப்பித் திறக்கலாம், சாய்க்கலாம், மூடலாம். அறைக்கும் தாழ்வாரத்துக்கும் இடையேயுள்ள தேக்குக் கதவுகளும் காற்று ஊடுருவுமாறு சட்டமிட்டவை. மேற்றளத்தின்மீது வளைந்த கான்கிரீட் ஓடுகளைப் பரப்பி, இரண்டுக்கும் நடுவே வெயிலின் சூட்டைத் தாங்குதற்கு ஒரு காற்றிடை விட்டிருக்கின்றனர். தென்றலும் கொண்டலும் அறைக்குள் வந்து வெளியேறும் வழி முழுவதும் கண்முன் கிடக்கின்றது. தூசு படிந்தால் தெரிகின்றது. துணியை எடுத்துத் துடைக்கலாம். ஒரு பலகை பழுதுபட்டால் அன்றே புலப்படும். அவ்விடுதி இத்தனை ஆண்டு கடந்தும் பொலிவு குன்றாதிருப்பதற்கு, அதனைப் பேணுவோரின் ஒழுங்கு ஒரு பாதியும், எல்லாம் கைக்கும் கண்ணுக்கும் எட்டுமாறு வகுத்த கலைஞரின் முன்னறிவு மற்றொரு பாதியும் காரணமென்பேன்.

காற்றுக்குழாயின் குறை இதற்கு நேர்மாறானது. அது கைக்கும் எட்டாது, கண்ணுக்கும் தெரியாது. இனி அதன் அமைப்பைச் சுருங்கக் காண்போம். அறையினின்று திரும்பும் காற்றும் வெளியினின்று சேர்க்கப்படும் புதுக்காற்றும் ஒரு பெட்டிக்குள் ஒன்றுகூடும். அங்கே முதலில் வடிகட்டி, அடுத்துக் குளிர்நீரோ குளிர்விக்கும் வாயுவோ ஓடும் செப்புச் சுருள், சுருளின் கீழே அதனின்று சொட்டும் நீரை ஏந்தும் தட்டு, அப்பால் விசிறி. விசிறி தள்ளுங் காற்று பெருங்குழாயிற் புகுந்து, கிளைக்குழாய்களிற் பிரிந்து, கூரைக் கிராதிகளின் வழியே நம் தலைமேல் இறங்கும். மரத்தின் அடியும் கிளையும் போன்றதே இவ்வமைப்பு. பெருங்குழாயிற் காற்று விரைந்து செல்லுதலாலே தூசு எளிதில் தங்காது. வளைவுகளிலும் கிளைகளின் கோடியிலும் வேகம் குன்றும்; வெள்ளம் வடிந்த ஆற்றில் வண்டல் படிவதுபோல அங்கே தூசு படியும். அத்தூசு பெரும்பாலும் நம்மிடமிருந்தே சென்றது. உடையின் நூலிழை, உதிர்ந்த தோல், காகிதப்பொடி ஆகியவற்றோடு தெருமண்ணும் புகைக்கரியும் மகரந்தமும் கலந்திருக்கும்.

தூசு என்றவுடன் எல்லோரும் துடைப்பத்தையே நினைக்கின்றனர். காலாப்பட்டைப் போன்ற கடற்கரையூரில் முதலில் நினைக்க வேண்டியது நீரை. இதனை விளக்க நம் அடுக்களையிலுள்ள உப்புச்சாடியே போதும். ஐப்பசி கார்த்திகையில் மூடிவைத்த உப்பும் கசிந்து ஈரமாகின்றதன்றோ? காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு ஏறத்தாழ 75 அளவைக் கடந்தால் உப்பு தானே நீரை இழுத்துக் கரையும். கரையோரக் காற்றில் அலைத்திவலையினின்று பிறந்த நுண்ணிய உப்புத்துகள் எப்பொழுதும் மிதக்கின்றது. அது தூசோடு கலந்து குழாயின் புதுக்காற்று வாயிலிலும் உட்சுவரிலும் படிகின்றது. கோயம்புத்தூரில் உலர்ந்து கிடக்கும் தூசு, காலாப்பட்டிற் பனி பெய்யாமலே நனைந்துவிடும். நனைந்த தூசு பூஞ்சணத்துக்கு உழுது எருவிட்ட வயல். அவ்வுப்பே தகட்டின் துத்தநாகப் பூச்சையும் அரித்து, முதலில் வெள்ளைப் பொடியாகவும் பின்னர்ச் செந்துருவாகவும் காட்டும்.

குளிர்சுருளின் நீரோ இதனினும் மிகுதி. வெப்பம் 30 பாகையும் ஈரப்பதம் நூற்றுக்கு 75உம் உள்ள ஒரு கனமீட்டர் காற்றிற் சுமார் 23 கிராம் நீராவி இருக்கும். அதனை 13 பாகைக்குக் குளிர்வித்தால் அதில் தங்கக்கூடியது ஏறத்தாழ 11 கிராமே. எஞ்சியது சுருளின்மேல் நீராய் வழிந்தாக வேண்டும். மணிக்கு 1,000 கனமீட்டர் புதுக்காற்றை உட்கொள்ளும் யந்திரம் எட்டு மணி நேரத்திற் கிட்டத்தட்ட ஆறு குடம் நீரைத் தட்டில் இறக்கிவிடும். அந்நீர் தடையின்றி வெளியேறுகின்றதா என்று பார்ப்பவனே காற்றுக்குழாயைப் பேணுபவன். பிறரெல்லாம் அதைப் பெருக்குபவரே.

யான் நேரிற் கண்ட ஒரு செய்தியை இங்கே கூறுகின்றேன். கடலோரத்து நிலையம் ஒன்றின் படிப்பறையில் ஈரத்துணி மக்கிய நாற்றம் வீசுகின்றதென்று மாணவர் முறையிட்டனர். சிலருக்கு ஓயாத தும்மல். நிர்வாகத்தார் பொருள் செலவிட்டுக் குழாய் முழுவதையும் தூரிகையாற் சுத்தம் செய்வித்தனர், நாற்றம் நீங்கியது. இரண்டு திங்களிற் திரும்பியது. மறுபடியும் சுத்தம் செய்வித்தனர், மறுபடியும் திரும்பியது. மூன்றாம் முறை வந்த முதிய மெக்கானிக் ஒருவர் குழாயைத் தொடவேயில்லை. யந்திரப்பெட்டியின் கதவைத் திறந்து தட்டைக் காட்டினார். இரண்டு விரற்கடை ஆழத்திற் பசும்பாசி படர்ந்த நீர் தேங்கி நின்றது. வடிகுழாயில் அடைப்பு ஒன்றுமில்லை. பின்னர் ஏன் வடியவில்லை? விசிறி உறிஞ்சும் பக்கத்திலே தட்டு இருந்தது; ஆகவே வடிகுழாயின் வழியாகவும் விசிறி வெளிக்காற்றை இழுத்துக்கொண்டிருந்தது; உள்ளே ஏறும் காற்று வெளியேறும் நீரைத் தடுத்தது. இதற்காகவே வடிகுழாயில் யு வடிவான வளைவு ஒன்று வைத்து அதில் எப்பொழுதும் நீர் நிற்கச் செய்வது வழக்கம். எப்போதோ பழுதுபார்த்த எவரோ அவ்வளைவை அறுத்து நேர்குழாய் மாட்டிவிட்டிருந்தார். அடுத்த நாள் வளைவை மாட்டினர். தட்டைத் தேய்த்துக் கழுவினர். அதற்குப் பின் அந்த நாற்றம் எழவில்லை. இருமுறை தூரிகைக்குச் செலவான தொகையில் நூற்றில் ஒரு பங்கும் இதற்கு ஆகவில்லை என்று அப்பெரியவர் சொல்லிச் சிரித்தார். நிர்வாகத்தார் சிரிக்கவில்லை.

ஆயின் குழாயைச் சுத்தம் செய்தலே வீண்வேலையோ எனின், அன்று. எப்பொழுது செய்யவேண்டும் என்பதிற்றான் தெளிவு வேண்டும். அமெரிக்க அரசின் சுற்றுச்சூழற் பாதுகாப்பு நிலையத்தார் வீடுகளைக் குறித்து இதனை ஆராய்ந்து, குழாய் சுத்தம் செய்வதனால் நோய் தடுக்கப்படுகின்றதென்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்றே வெளியிட்டுள்ளனர். குழாயின் உள்ளே கண்ணுக்குப் புலனாகும் பூஞ்சணம் மிகுந்திருந்தாலும், எலியோ பூச்சியோ குடிபுகுந்திருந்தாலும், தூசு மண்டிக் கிராதி வழியாக அறையில் உதிர்ந்தாலும் சுத்தம் செய்க என்பது அவர்தம் அறிவுரை. ஆண்டுதோறும் வழக்கத்துக்காகச் செய்க என்று அவர் கூறவில்லை. எனவே முதல் வேலை உள்ளே நோக்குதல். நோக்கும் கதவுகளைத் திறந்து விளக்கிட்டுப் பார்த்தலும், எட்டாத இடத்திற்குச் சிறு காமிராவை அனுப்பிப் பார்த்தலும் இன்று எளியன. பாராமலே விலை பேசுவோரிடம் வேலையை ஒப்புவித்தல் கூடாது.

வேலை தொடங்கினால் முறை பிசகாமற் செய்தல் வேண்டும். விசிறியை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, அறையிலுள்ள மேசை நாற்காலிகளைப் போர்த்தி, கிராதிகளைக் கழற்றி அவ்வாய்களைத் தாளால் அடைத்துவிடுவர். குழாயின் ஒரு முனையில் வலிய உறிஞ்சு யந்திரத்தைப் பொருத்துவர். அதிலுள்ள வடிகட்டி மிக நுண்ணிய துகளையும் விடாது பிடிப்பதாய் இருத்தல் வேண்டும். உறிஞ்சல் நடைபெறத் தொடங்கிய பின்னரே சுழலும் தூரிகையையோ அழுத்திய காற்றையோ மறுமுனையிற் செலுத்துவர். இந்த ஒழுங்கு மாறிவிட்டால், குழாயிற் கிடந்த தூசனைத்தும் அறையிலே பறக்கும்; செய்யாதிருந்ததைவிடத் தீமை மிகும். குழாய் முடிந்தபின் சுருள், தட்டு, விசிறியின் இதழ்கள் ஆகியவற்றையும் கழுவ வேண்டும். பலர் இவற்றை விட்டுவிடுகின்றனர். நாற்றத்தை மறைக்க மருந்துப்புகை அடித்துவிடுவோம் என்று சிலர் கூறுவர். அம்மருந்தும் நம் மூச்சிலேதான் வந்து சேரும் என்பதை அவர்க்கு நினைவூட்டுக.

குழாயின் உட்புறத்திற் கண்ணாடிப் பஞ்சு ஒட்டியிருந்து அது நனைந்து பூஞ்சணம் பிடித்துவிட்டால், அதனைக் கழுவித் திருத்த வழியில்லை. உரித்தெறிந்து புதிது வைத்தலே முறை. இதனை எண்ணுந்தோறும் லேவியராகமத்தின் 14ஆம் அதிகாரம் எனக்கு நினைவில் வரும். வீட்டுச் சுவரிற் பச்சையும் சிவப்புமான கறை தோன்றினால் ஆசாரியன் என்ன செய்ய வேண்டுமென்று அங்கே விதித்திருக்கின்றது. உள்ளே போகுமுன் வீட்டைக் காலி செய்யச் சொல்லுகின்றான். பார்வையிட்டு ஏழு நாள் வீட்டை அடைத்து வைக்கின்றான். திரும்ப வந்து பார்க்கின்றான். கறை படர்ந்திருந்தால் அக்கற்களைப் பெயர்த்து ஊருக்குப் புறம்பே எறியவும், சுவரைச் சுரண்டவும், வேறு கல்லும் சாந்தும் வைக்கவும் கட்டளையிடுகின்றான். பின்னும் தோன்றினால் வீட்டையே இடிக்கச் செய்கின்றான். நம் மறைபோதகர்கள் இப்பகுதியைப் பெரும்பாலும் பாவத்துக்கு உவமையாக விரித்துரைப்பர், அது தக்கதே. எனினும் கட்டடம் காப்போன் அதை எழுத்துப்படியே வாசித்தாலும் பயனுண்டு. பாராமல் தொடாதே, கறையின்மேல் வெள்ளையடிக்காதே, செய்தபின் மறுபடி வந்து பார் என்பன அங்கே உள்ளன.

தேங்கிய நீர் உயிரையும் வாங்கும் என்பதை 1976ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் கண்டது. அமெரிக்கன் லீஜியன் என்னும் முன்னாட் போர்வீரர் சங்கத்தார் அங்கே ஒரு ஹோட்டலில் மாநாடு கூடினர். கலைந்து வீடு திரும்பியவரிடையே கொடிய நுரையீரற் காய்ச்சல் தோன்றி, 34 பேர் மாண்டனர். மாதக்கணக்கிற் காரணம் புலப்படவில்லை. 1977 ஜனவரியில் ஜோசப் மெக்டேட் என்னும் விஞ்ஞானி அதுவரை அறியப்படாதிருந்த ஒரு பாக்டீரியத்தைக் கண்டுபிடித்தார். லீஜியனெல்லா என்று அதற்குப் பெயரிட்டனர். ஹோட்டலின் குளிர்சாதன அமைப்பைச் சேர்ந்த குளிர்விப்புக் கோபுரத்து நீரினின்று அது நுண்திவலையாய்க் காற்றிற் கலந்தது என்பதே பெரும்பாலோர் கொள்கை. குழாயின் தூசு அங்கே குற்றவாளியன்று, நீரே குற்றவாளி என்பதைக் கவனிக்க. புதுக்காற்றின் வாயிலைக் குளிர்விப்புக் கோபுரத்துக்கும், கழிவறை மூச்சுக்குழலுக்கும், வண்டி நிறுத்துமிடத்துக்கும் அருகில் வைக்கலாகாது என்னும் விதியும் இத்தகைய எண்ணத்தினாலானதே.

வடிகட்டியைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. அதன் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டைக் காட்டும் சிறு மானி ஒன்றைப் பொருத்தி, செய்தவர் குறித்த எல்லையை அது எட்டியவுடன் கழுவுவதோ மாற்றுவதோ செய்தல் வேண்டும். மானி இல்லையேல் நாட்காட்டியே துணை. அடைபட்ட வடிகட்டியை எடுத்தெறிந்துவிட்டு வெறுஞ் சட்டத்தோடு யந்திரத்தை ஓட்டும் வழக்கத்தையும் யான் கண்டிருக்கின்றேன். அப்பொழுது குளிர் நன்றாக வருகின்றதென்று மகிழ்கின்றனர்!

இனி நெருப்பு. விடுதியுணவுச்சாலையில் அடுப்பின்மேலே தகட்டுக் கவிகையும் அதனின்று புகையை வெளியேற்றும் குழாயும் உள்ளன. நூற்றுக்கணக்கானோர்க்கு நாள்தோறும் தாளிதமும் பொரியலும் செய்யும் அடுப்பினின்று எண்ணெய் ஆவியாய் எழுந்து அக்குழாயின் உட்சுவரிற் பிசினாய் உறைகின்றது. அடியில் வாணலி தீப்பற்றினால், குழாய் முழுவதும் ஒரு திரியாகிவிடும். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தாரின் 96ஆம் விதிநூல், விறகு கரி எரிக்கும் அடுப்பின் குழாயைத் திங்கள்தோறும், இடையறாது மிகுதியாகச் சமைக்கும் இடத்திற் மூன்று திங்களுக்கு ஒருமுறையும், நடுத்தரமான இடத்தில் ஆறு திங்களுக்கு ஒருமுறையும் சோதிக்கச் சொல்லுகின்றது. படிப்பறையின் குழாயைப் பார்த்தபின் சுத்தம் செய்க என்றேன். அடுக்களைக் குழாய்க்கோ அந்தத் தயக்கம் கூடாது. அங்கே நாள் குறித்துச் செய்தல் வேண்டும்.

படிப்பறைக் குழாய்க்கும் நெருப்போடு ஒரு தொடர்புண்டு. காற்றைக் கொண்டுசெல்லும் வழி புகையையும் கொண்டுசெல்லும். 1997 ஜூன் 13ஆம் நாள் தில்லியில் உப்பஹார் திரையரங்கின் கீழ்த்தளத்தில் மின்மாற்றி தீப்பற்றியது. படிக்கட்டு வழியாகவும் குளிர்காற்றுக் குழாய்கள் வழியாகவும் புகை அரங்கினுட் புகுந்தது. 59 பேர் மாண்டனர். 2011 டிசம்பர் 9ஆம் நாள் விடியலிற் கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனையின் நிலவறையில் எழுந்த தீயின் புகை மேல்தளங்களிற் பரவி, ஏறத்தாழத் தொண்ணூறு பேர், பெரும்பாலும் படுக்கையிற் கிடந்த நோயாளிகள், உயிர் துறந்தனர். அங்கும் அடைத்த சன்னல்களும் காற்றுக்குழாய்களும் புகைக்குத் துணையாயின. இவ்விடங்களில் தீயின் நாவு தீண்டி இறந்தோரினும் புகையால் மூச்சுத் திணறி இறந்தோரே மிகப்பலர்.

இதனைத் தடுக்கவே குழாய் ஒரு சுவரையோ தளத்தையோ ஊடுருவும் இடந்தோறும் தீத்தடுப்புக் கதவு ஒன்றை உள்ளே அமைக்கின்றனர். எளிதில் உருகும் உலோகக்கண்ணி ஒன்று அதனைத் திறந்தபடி பிடித்திருக்கும். குழாயின் வெப்பம் 70 பாகையைச் சற்றுக் கடந்தால் கண்ணி உருகும். கதவு வில்லின் விசையாலோ தன் எடையாலோ மூடிக்கொள்ளும். புகையை உணர்ந்து மின்விசையால் மூடும் கதவுகளும் உள்ளன. ஆனால் பத்தாண்டு திறந்தே நின்று, தூசு மண்டி, கடலுப்பால் கீல் துருவேறிய கதவு மூடுமென்று யார் உறுதி கூற வல்லார்? குழாய் சுத்தம் செய்ய வந்தவர் சில வேளை அதனை மூடாதவாறு கம்பியாற் கட்டிவிட்டு, அவிழ்க்க மறந்து போவதும் உண்டு. எனவே வேலை முடிந்த அன்றே ஒவ்வொரு கதவையும் கையால் விடுவித்து மூடிப்பார்த்து, மீண்டும் திறந்து, நாளும் பெயரும் குறித்து ஏட்டில் எழுதுதல் வேண்டும். காலாப்பட்டிற் புரட்டாசிக்குள், அதாவது வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், தட்டும் வடிகுழாயும் ஒருமுறையும், மழை ஓய்ந்த தை மாதத்தில் குழாயின் உள்ளும் துருவும் மறுமுறையும் பார்க்கத்தக்கன. கதவு அமைந்த இடத்திற்கு அருகே குழாயிற் கையும் விளக்கும் நுழையுமளவு ஒரு திறப்பு இருந்தாலன்றி இவற்றுள் எதுவும் நடவாது. பழைய கட்டடங்கள் பலவற்றில் அத்திறப்பு இல்லை. பொய்க்கூரையை உடைத்தே எட்ட வேண்டியிருக்கின்றது. நம் கல்லூரியினின்று வெளியேறிப் பொறியாளராகும் மாணவர், முதல் வரைபடத்திலேயே அத்திறப்புக்கும் அதன் கீழ் ஏணி நிற்பதற்கும் இடம் குறித்து வைப்பாராக.